கரண்ட் வராத காட்டுக்கு எது? இன்ஜின், டி.சி. சோலார், ஏ.சி. சோலார்

எங்கள் மேட்டுக்காடு தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கு மேற்கே, மலையோரம். கடைசி ஈ.பி. கம்பம் ஊர்க்கோடி மாரியம்மன் கோயிலோடு நின்றுவிட்டது. அங்கிருந்து என் கிணற்றுக்கு ஒன்றேகால் கிலோமீட்டர், நடுவில் ஆறு பேர் நிலம். இரண்டு ஏக்கர் சொச்சம், அறுபதடிக் கிணறு, தக்காளி, கேழ்வரகு, விலை இருக்கும் என்று தோன்றினால் கொஞ்சம் சாமந்தி. தண்ணீர் இறைக்கப் பதினோரு வருடம் டீசல் இன்ஜின் ஓட்டினேன். மாமா தன் காட்டுக்கு டி.சி. சோலார் (பேனல் தருகிற டி.சி. கரண்டில் ஓடுகிற பம்ப்) போட்டார், அதை இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். அப்புறம் நான் ஏ.சி. சோலார் (அதே கரண்டை ஏ.சி.யாக மாற்றிச் சாதா மோட்டாரை ஓட்டுவது) போட்டு மூன்று வருடம் ஆகிறது. மார்க்கெட்டில் யாராவது பிடித்து நிறுத்தி "எது போட்டா தேவலை?" என்று கேட்கிறார்கள், தக்காளிக் கூடையை இறக்கிக்கொண்டே பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதி இது.

முதலில் ஈ.பி. பேச்சை முடித்துவிடலாம். 1990-ல் இருந்து தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், அதனால் இலவச இணைப்பு கிடைக்கிற இடத்தில் இந்த அலசலே தேவையில்லை. கிடைக்கிற இடம் என்பதுதான் சிக்கல். 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் இணைப்பு என்று அறிவித்தார்கள், அப்போது வரிசையில் நின்ற விண்ணப்பங்கள் நாலரை லட்சத்துக்கு மேல். 2022 நவம்பரில் இன்னொரு ஐம்பதாயிரம் வந்தது. இரண்டிலும் என் நம்பர் வரவில்லை. பணம் கட்டி வரிசையை முந்துகிற தட்கலில் போனால் அப்போது 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம். அதையும் கட்டிவிட்டு கம்பம் நட ஆறு பேரிடமும் சம்மதம் கேட்டு நடக்க வேண்டும், அதில் இரண்டு பேர் என் பங்காளிகள். விட்டுவிட்டேன். ஆனால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கவில்லை, இது பின்னால் முக்கியம்.

இன்ஜினை எல்லோரும் திட்டுகிறார்கள், நான் முழுசாகத் திட்ட மாட்டேன். ராத்திரி ஓடும், மேகம் போட்டாலும் ஓடும், டாடா ஏஸில் ஏற்றி அடுத்தவன் காட்டுக்கும் கொண்டு போகலாம், அவசரத்துக்கு விற்றாலும் அன்றைக்கே ரொக்கம். எங்கள் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் இன்ஜின் பிரிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். செலவு மட்டும்தான் பிரச்சினை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது ஒன்று, இன்னொன்று கிணறு.

மேலே வைத்த பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது ஏட்டுக் கணக்கில் பத்து மீட்டர், நடைமுறையில் ஆறேழு மீட்டர். சித்திரையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் நாற்பதடிக்குக் கீழே. ஆகவே இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி நடுத்திட்டில் வைத்து ஓட்ட வேண்டும். நாலு பேர் கயிறு போட்டு இறக்குவோம். மழை பெய்து தண்ணீர் ஏறினால் அதே நாலு பேர் ராத்திரி டார்ச்சோடு ஓடி ஏற்ற வேண்டும், ஒருமுறை ஏற்ற முடியாமல் இன்ஜின் மூன்று நாள் தண்ணீருக்கடியில் கிடந்தது. அதைவிட மோசம் புகை. கிணற்றுக்குள் புகை தேங்கினால் அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது, தலை லேசாகச் சுற்றும், அவ்வளவுதான் எச்சரிக்கை. இன்ஜினை நிறுத்த இறங்கியவர் மேலே வராத கதை கிணற்று விவசாயம் நடக்கிற எல்லாப் பக்கமும் உண்டு. எனக்கே ஒருநாள் படியில் கால் நடுங்கியது. அதன்பிறகு என் வீட்டுக்காரி இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம் கிணற்று மேட்டில் வந்து நிற்க ஆரம்பித்தாள். கூலி போடாத ஆள் கணக்கு அது, யாரும் எழுதுவதில்லை.

டீசல் கணக்கு சுருக்கமாக: 5 எச்.பி. இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறையக் குடிக்கும். தக்காளிக்கு நான் ஓட்டியது ஒரு வெள்ளாமைக்கு சுமார் 180 மணி நேரம். 160 லிட்டர் சொச்சம், லிட்டர் 93 ரூபாய் என்றால் பதினைந்தாயிரம். வருடம் இரண்டரை வெள்ளாமை என்று வைத்தால் ஆயில், நாசில், ஃபுட் வால்வ் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தைத் தொடும்.

சோலாருக்கு வருவோம். சோலார் பம்புக்கு மானியம் தருகிற பி.எம். குசும் திட்டம் 2019-ல் தொடங்கியது. நான் போட்டபோது எங்களுக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம், ஆக 60 சதவீதம் மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு 70. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். என் கையில் இருந்து போனது ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அப்புறம் பைப், வேலி, காங்கிரீட் என்று இன்னொரு இருபதாயிரம். டீசலில் மிச்சமாகும் நாற்பதை வைத்துப் பார்த்தால் நாலு வருடத்துக்குள் கழியும். மானியம் இல்லாமல் முழு விலை கொடுத்துப் போடுவதாக இருந்தால் எட்டு, ஒன்பது வருடம் ஆகும், அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பணம் கட்டிய பிறகு காத்திருப்பும் உண்டு, எனக்கு ஏழு மாதம் ஆனது.

டி.சி.யா ஏ.சி.யா என்று படிவத்தில் கேட்கிற இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசிக்கிறார்கள். ஏஜென்ட் எது சொல்கிறாரோ அதுதான் பிறகு.

டி.சி. என்றால் உள்ளே காந்தம் வைத்த, பிரஷ் இல்லாத மோட்டார். நல்ல சாமான், மறுக்கவே முடியாது. மத்திய அரசின் அளவுகோலிலேயே பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு வாட் பேனலுக்கு ஒரு நாளைக்கு டி.சி. 100 லிட்டர் தர வேண்டும், ஏ.சி. 90 தந்தால் போதும். மாமா காட்டில் காலை ஏழு மணிக்கே குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். என்னுடையது எட்டு, எட்டரைக்குத்தான் மூச்சு விடும். மேகம் லேசாக மறைத்தால் என் மோட்டார் தள்ளாடும், அவருடையது மெதுவாகவாவது ஓடும். இந்த விஷயத்தில் டி.சி. ஜெயித்துவிட்டது, வாதமே வேண்டாம்.

பிறகு ஏன் நான் ஏ.சி. போட்டேன்?

மாசி மாதக் கடைசியில் ஒருநாள் காலை மாமா பம்ப் ஓடவில்லை. மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டியில் சிவப்பு விளக்கு, ஒரு நம்பர். தக்காளி பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார், புகார் எண் வந்தது. நாலாம் நாள் இன்னொரு புகார் எண் வந்தது. பதினோராம் நாள் கோயம்புத்தூரில் இருந்து ஒரு பையன் பைக்கில் வந்தான், நல்ல பையன், வெயிலில் நின்று எல்லாம் அளந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்குங்க, கம்பெனிக்கு அனுப்பணும்" என்றான். பெட்டியைக் கழற்றிக் கொண்டு போனான். திரும்பி வந்து பம்ப் ஓடியபோது இருபத்தாறு நாள். வாரன்டியில்தான் செய்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. அது உண்மை, சொல்லியாக வேண்டும். ஆனால் தக்காளிக்கு வாரன்டி இல்லையே.

அந்த இருபத்தாறு நாளில் நாங்கள் சும்மா உட்காரவில்லை. மோட்டாரில் கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் அதைத் தூக்கி ஏற்றிப் பாலக்கோட்டில் காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் முப்பது வருடமாக மோட்டார் கட்டுகிறவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார், தகட்டைத் துடைத்துப் படித்தார், அப்புறம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ணா, இதுல நான் கை வெச்சா நீங்க கம்பெனிக்கும் போக முடியாது, எங்கிட்டயும் வேலை முடியாது" என்றார். வேறு கம்பெனி கன்ட்ரோலர் வாங்கிப் போட்டால் ஓடுமா என்று கேட்டேன். "அந்தப் பெட்டிக்கு இந்த மோட்டாருதான், இந்த மோட்டாருக்கு அந்தப் பெட்டிதான். தாலி கட்டின மாதிரி" என்றார். அங்கேயே எனக்கு முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியில் என் பழைய இன்ஜினைத்தான் மாமா கிணற்றுக்குத் தூக்கிப் போனோம், பாதித் தக்காளி பிழைத்தது.

ஏ.சி. சோலாரில் அந்தத் தாலி இல்லை. கிணற்றுக்குள் இருப்பது ஊரெல்லாம் ஓடுகிற அதே மூன்று பேஸ் சப்மெர்சிபிள். பேனலில் இருந்து வருகிற கரண்டை வி.எஃப்.டி. பெட்டி ஏ.சி.யாக மாற்றித் தருகிறது, வெயிலுக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. மோட்டார் போனால் பாலக்கோடு. வி.எஃப்.டி. போனால் அதே எச்.பி., அதே வோல்டேஜுக்கு வேறு கம்பெனி சோலார் வி.எஃப்.டி. வாங்கி மாட்டலாம், செட்டிங்கை மட்டும் தெரிந்தவர் வந்து போட வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று நம்பிப் பிழைப்பதில்லை.

என் மோட்டார் போகவே போகாது என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கி அடிச்சேறு கலங்கி, மோட்டார் ஒருமாதிரி முனகிக்கொண்டு ஓடியது, நான்தான் கவனிக்காமல் விட்டேன், மறுநாள் நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டேன், பத்து நாளில் ஆள் வரும் என்றார்கள். ஐந்து வருடப் பராமரிப்பு அவர்கள் பொறுப்புதான், ஆனால் பத்து நாள். மச்சானைக் கூப்பிட்டு மோட்டாரை மேலே தூக்கி, அதே காயில் கடையில் கொண்டு போய் இறக்கினேன். கடைக்காரர் கீழ் மூடியைக் கழற்றியதும் கறுப்பாகச் சேற்றுத் தண்ணீர் கொட்டியது, கருகின பிளாஸ்டிக் வாசனை. உள்ளே சுற்றுகிற ரோட்டரை உருவி விரலால் தடவிக் காட்டினார், ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. "புஷ் தேஞ்சு ரோட்டர் உரசியிருக்கு, அதான் காயில் வெந்துபோச்சு. நாளைக்குச் சாயங்காலம் வாங்க." நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர். தக்காளி வாடியது, சாகவில்லை. மோட்டாரின் வாரன்டி போச்சு, வெளியில் பிரித்ததால் கம்பெனி இனி அதைத் தொடாது, தெரிந்துதான் செய்தேன். பேனலுக்கும் வி.எஃப்.டி.க்கும் வாரன்டி அப்படியே இருக்கிறது என்று போனில் சொன்னார்கள், எழுதிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

இதையே இவ்வளவு நீட்டுகிறேன், காரணம் தண்ணீர் அளவு, பேனல் திறன், விலை எல்லாவற்றையும் ஏஜென்ட்டுகள் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நின்றுபோனால் எத்தனை நாளில் ஓடும் என்பது அதில் இருக்காது. வாங்கும் முன் உங்கள் பக்கத்து ஊர்களில் அதே கம்பெனி செட் போட்டிருக்கும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, "ரிப்பேர்னு சொன்னா எத்தனை நாள்ல வர்றாங்க?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் என்று பதில் வந்தால் டி.சி.யைத் தாராளமாகப் போடலாம். கோயம்புத்தூர் பக்கம், சர்வீஸ் ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்களில் என் வாதம் பாதி செல்லாது.

ஏ.சி.யில் இன்னொரு லாபம் உண்டு, ஆனால் ஒரு கண்ணியும் உண்டு. நாளைக்கு ஈ.பி. வந்தால் (என் விண்ணப்பம் இன்னும் வரிசையில்தான் இருக்கிறது) அதே மோட்டாரை நேராக லைனில் ஓட்டலாம் என்பார்கள். எல்லா மோட்டாரையும் ஓட்ட முடியாது. சின்ன செட்டுகளில் பேனல் குறைவு, அதனால் வோல்டேஜ் குறைவு, அதற்கேற்ப மோட்டாரின் காயிலையே குறைந்த வோல்டேஜுக்குக் கட்டியிருப்பார்கள். அதைக் கொண்டு போய் 415 வோல்ட் லைனில் மாட்டினால் புகைதான். மோட்டார் தகட்டில் வோல்ட் என்ன என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு 3 எச்.பி. போதும் என்றுதான் முதலில் நினைத்தேன், அதில் வந்தது குறைந்த வோல்டேஜ் மோட்டார் என்பதால்தான் 5 எச்.பி.க்குப் போனேன். 335 வாட் பேனல் பதினைந்து, வரிசையாக இணைத்தால் ஐந்நூற்றைம்பது வோல்ட் பக்கம் வருகிறது, மோட்டார் சாதா 415 வோல்ட். (அந்த ஐந்நூற்றைம்பதும் டி.சி. கரண்ட், மோட்டார் ஓடும்போது பேனல் ஒயர் கனெக்டரைப் பிடுங்கினால் வெல்டிங் மாதிரி நெருப்பு இழுக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.)

5 எச்.பி. எடுத்ததற்கு நான் கொடுத்த விலை வேறு. நல்ல வெயிலில் பதினோரு மணிக்குள் கிணற்றைத் துடைத்துவிடும். ஊற்று மெதுவாக ஊறுகிற கிணற்றுக்குப் பெரிய மோட்டார் வெறும் ஜம்பம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் வி.எஃப்.டி. தானே நிறுத்தும், அரை மணி கழித்து மறுபடி முயன்று பார்க்கும். அப்படித்தான் மதியம் முழுக்க விட்டு விட்டு ஓடுகிறது. இப்போது மேட்டில் ஒரு தொட்டி கட்டி அதில் ஏற்றி, அங்கிருந்து சொட்டுநீருக்கு விடுகிறேன். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதம் மானியம் உண்டு, கூடவே போட்டுவிடுங்கள். பம்பில் இருந்து நேராகச் சொட்டுநீருக்கு விட்டால் காலையில் அழுத்தம் போதாமல் கடைசி வரிசைச் செடிகள் காய்கின்றன, இதை ஒரு முழு வெள்ளாமை தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன்.

பேனல் பராமரிப்பு பற்றி அதிகம் இல்லை. வாரம் ஒருமுறை விடியலில் துடைக்க வேண்டும். உச்சி வெயிலில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். எங்கள் தண்ணீர் உப்பு, அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம், அதனால் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கிறோம். பக்கத்து மாமரத்தின் ஒரே ஒரு கிளை நிழல் மூன்று மணிக்கு ஒரு பேனல் மேல் விழுந்தது, மொத்த செட்டும் மந்தமானது. கிளையை வெட்டச் சொல்லி அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது, மல்கோவா. எலி இரண்டுமுறை ஒயரைக் கடித்தது. கேழ்வரகு முற்றும் மாதங்களில் யானை இறங்குகிறது, இதுவரை பேனலைத் தொடவில்லை.

தெரியாத இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு, அறுநூறடி போர்வெல்லில் சோலார் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை, என் கணக்கை அங்கே கொண்டு போகாதீர்கள். என் வி.எஃப்.டி. இன்னும் ஒருமுறைகூடப் போகவில்லை. வேறு கம்பெனிப் பெட்டி மாட்டலாம் என்று நான் சொல்வது காயில் கடைக்காரரும் மாரண்டஅள்ளியில் மாட்டி ஓட்டுகிற ஒருவரும் சொன்னதை வைத்துத்தான், என் கையால் செய்ததில்லை. பேனலுக்கு இருபத்தைந்து வருடம் என்கிறார்கள், மூன்று வருடக்காரன் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. மறுவிற்பனை? மானியத்தில் வாங்கியதை விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆகவே சோலாரை அவசரப் பணமாக நினைக்கவே கூடாது. அந்த ஒன்றில் இன்ஜின்தான் ராஜா.

குத்தகைக்கு நிலம் பிடித்து உழுகிறவருக்கு நான் சோலாரே சொல்ல மாட்டேன், கிணறு உங்கள் பெயரில் இல்லாமல் திட்டத்துக்குள் நுழைவதே கஷ்டம், இன்ஜினோடு இருங்கள். ஒரு ஏக்கருக்குள், இருபது முப்பதடியில் தண்ணீர், காய்கறி மட்டும் என்றால் சின்ன டி.சி. அழகாக ஓடும், சர்வீஸ் ஆள் பக்கத்தில் இருந்தால். மற்றபடி என்னைப் போல ஊருக்கு ஒதுக்குப்புறமாக, இரண்டு மூன்று ஏக்கர், கோடையில் ஆழத்துக்கு இறங்குகிற கிணறு, பக்கத்து டவுனில் ஒரு காயில் கடை என்று இருப்பவர்களுக்கு ஏ.சி.தான்.

போன கார்த்திகையில் எட்டு நாள் வெயிலே இல்லை. அந்த நேரத்தில் தண்ணீர் தேவைப்படாது என்று நினைத்திருந்தேன். மழை பொய்த்து மேகம் மட்டும் நின்ற எட்டு நாள் அது, நாற்று நட்டு ஐந்தாம் நாள். இன்ஜினை விற்றுவிடலாம் என்று இரண்டு வருடமாக நச்சரித்த மச்சானே வந்து தார்ப்பாயை எடுத்துவிட்டு ஹேண்டில் போட்டான். இப்போது அமாவாசைக்கு அமாவாசை பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துகிறோம், கிணற்றுக்குள் இறக்காமல், மேட்டிலேயே.